ஆமைக் கணக்கில் ஒரு ஆட்டக்காரன்

எங்கள் ஊரில் ஆமைக்குத் தனி டாக்டர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை உள்ளூர் வானொலியில் அவரே வந்து, ஆமை சுகமாக இருக்கிறது, கீரை நன்றாகச் சாப்பிட்டது என்று சொல்லுவார். அதைக் கேட்ட பிறகுதான் பெல்ஃபோர்ட்டில் பாதிப் பேருக்குச் சாப்பாடு இறங்கும்.

கால்வர்ட் பல்கலைக்கழகத்து அணிக்குக் கடி ஆமைகள் என்று பெயர். அதனால் உயிருள்ள கடி ஆமை ஒன்றை ஸ்டேடியத்தின் வடக்கு வாசலில் கண்ணாடி வீடு கட்டிக் குடிவைத்திருக்கிறார்கள். பெயர் மேஜர். எடை எண்பது பவுண்டு. வீட்டுக்குள் குளிர்சாதனம், வெதுவெதுப்பான பாறை, சின்னதாக ஒரு அருவி. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் வண்டியில் ஏற்றி மைதானத்தைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். வயதானால் ஏரிக்கரையில் ஓய்வுப் பண்ணை. போன மேஜர் அங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் யாரையும் கடிப்பதில்லையாம். எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை.

ரான்டெல் டில்லரி என் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்தான். இருபது வயது, ஆறடி நாலு அங்குலம், முந்நூறு பவுண்டு. அவன் படி ஏறினால் என் அலமாரியில் கோப்பைகள் ஆடும். ஆனால் கதவை மட்டும் பூனைபோலச் சாத்துவான். அவனுடைய வேலை (வேலை என்று சொல்லக்கூடாது என்று என்னைப் பிறகு மூன்று முறை திருத்தினார்கள்) முன்வரிசையில் நின்று எதிரணிக்காரனைத் தடுப்பது. எங்கள் பக்கத்துக் கால்பந்துக்கும் காலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட, மற்ற இருபத்தொரு பேரும் முட்டிக்கொள்வார்கள். பார்ப்பதற்கு எண்பதாயிரம் பேர் வருவார்கள். பயிற்சியாளருக்கு வருஷம் நாற்பது லட்சம் டாலர். முட்டிக்கொள்கிறவர்களுக்குப் படிப்பும் சாப்பாடும் ஒரு கட்டிலும். அதற்கு மேல் ஒரு காசு கையில் வாங்கினால் குற்றம்.

2011 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, விருப்பப் பயிற்சியில், ரான்டெலின் இடது முழங்கால் திரும்பக்கூடாத பக்கமாகத் திரும்பியது.

விருப்பப் பயிற்சி என்றால் காலை ஐந்து மணிக்கு நடப்பது. விருப்பமில்லாதவர்கள் வர வேண்டியதில்லை. வராதவர்கள் ஸ்டேடியத்துப் படிகளை முப்பது தடவை ஏறி இறங்க வேண்டும். அதுவும் விருப்பம்தான்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியும் முன்பே டை கட்டிய ஒருவர் படிவத்தோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்துவிட்டார். பல்கலைக்கழகத்து விதி கண்காணிப்பு அலுவலகத்து ட்வைட் ப்ரூவிட். மெல்லிய குரல், ஈரக் கை. யாருக்கு என்ன துன்பம் வந்தாலும் உண்மையாகவே வருத்தப்படுகிற மனிதர்.

"யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துனாங்களாப்பா?"

மிசிசிப்பியில் பெரியவர்கள் முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்று அடித்து வளர்த்த பிள்ளை அவன். "இல்லீங்க சார்."

"நீயாத்தான் வந்தே?"

"ஆமாங்க சார்."

"சந்தோஷமாத்தானே?"

"ஆமாங்க சார்."

அந்த மூன்று மரியாதைகளோடு அவன் கால் விவகாரம் முடிந்தது. விருப்பப்பட்டு வந்த இடத்தில் விழுந்ததற்குப் பல்கலைக்கழகத்தின் காப்பீடு பொறுப்பல்ல. பெரிய மனசு பண்ணி ஒரே ஒரு அறுவை செய்து, திருகாணி வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

படி ஏற முடியாமல் அவன் கிடந்த முதல் வாரம் நான் கோழியும் மாவுருண்டையும் வேகவைத்துக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் எங்கள் தெருவில் சட்டி போகும், அது வழக்கம். போனால்தானே வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க முடியும். பையன் நாலு கரண்டி வாயில் வைத்திருப்பான். கதவு தட்டப்பட்டது. ப்ரூவிட், கையில் தராசோடு.

"மேடம், இதுல கொழம்பு இருக்கா?"

"இல்லாம மாவுருண்டைய எப்படி முழுங்குறது?"

"கொழம்பு இல்லேன்னா நொறுக்குத்தீனி. இருந்தா சாப்பாடு. வெளியாள் போடுற சாப்பாடு கூடுதல் சலுகை ஆயிடும். கூடுதல் சலுகை, மறைமுகச் சம்பளம்."

"பையன் எந்திரிக்க முடியாமக் கெடக்கான்யா!"

"எனக்கும் ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்." சட்டியைத் தராசில் வைத்தார். "மத்த மாணவர்களுக்கும் இதே மாதிரி குடுத்தீங்கன்னா ஒண்ணும் தப்பில்ல."

"மத்தவங்கன்னா எத்தனை பேரு?"

"இருபத்தெட்டாயிரம்."

என்னிடம் இருந்தது ஒரே சட்டி. ஏற்கெனவே உள்ளே போனது எத்தனை அவுன்ஸ் இருக்கும் என்று ரான்டெலையே யோசித்துச் சொல்லச் சொன்னார். பையன் வயிற்றைத் தடவிப் பார்த்து, நேர்மையாக, கொஞ்சம் கூட்டியே சொன்னான். அந்த மதிப்பை அவன் ஒரு தர்ம நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு போனார். சட்டி இன்றுவரை திரும்பி வரவில்லை.

மே மாதம் கடிதம் வந்தது. உதவித்தொகை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கப்படுவது. இந்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். அதே வாரத்தில் காலுக்குள் வைத்த திருகாணி நகர்ந்துவிட்டது. இலையுதிர் காலத்துக்குள் இன்னொரு அறுவை செய்யாவிட்டால் முழங்கால் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யார் செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் அவன் அம்மா எர்னஸ்டீன் வந்தாள். நாலு மணி நேரம் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். மீன் வெட்டும் ஆலையில் வேலை. வலது கையில் இரண்டு விரல் இல்லை. விளையாட்டுத் துறைத் தலைவர் பக் ஸ்ட்ராட்டனைப் பார்க்க அவளுக்குத் துணையாகப் போனேன். துணை ஒரு பக்கம். அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பதினோரு வருஷமாக ஆசை.

தரைவிரிப்பில் செருப்பு அமுங்கியது. ஒரு சுவர் முழுக்க ஜன்னல். கீழே வடக்கு வாசல், கண்ணாடி வீடு. ஸ்ட்ராட்டன் எழுந்து வந்து எர்னஸ்டீனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மூன்று விரல்தான் கிடைத்தது. அதற்காக அவர் அன்பைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, ரான்டெல் எங்க குடும்பம்."

"அப்ப அவன் காலைச் சரி பண்ணிக் குடுங்க."

"குடும்பத்துல யாராவது யாருக்காவது சம்பளம் குடுப்பாங்களா?"

"நான் சம்பளம் கேக்கலையே. கால் கேக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா." நாற்காலியில் சாய்ந்தார். "இன்னிக்கு நான் காலைச் சரி பண்ணிக் குடுத்தா, அது வேலைல போன காலுன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். வேலைன்னா கூலி. கூலி வந்துட்டா இந்த ஆட்டத்தோட தூய்மை போயிடும். காசு மனுஷனை என்ன பண்ணும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? முப்பது வருஷமா அதுக்குள்ளயே ஒக்காந்திருக்கேன். அந்தப் பாரத்தை நாங்க சுமக்குறோம், பசங்க சுமக்கக்கூடாதுன்னுதான்."

"எனக்கு மீன் ஆலையில ரெண்டு வெரல் போச்சு. ஆஸ்பத்திரிச் செலவு குடுத்தாங்க. வெரலுக்கு இவ்வளவுன்னு தனியாவும் குடுத்தாங்க."

"மீன் வெட்டுறது வேலைம்மா."

"இது?"

"இது விளையாட்டு."

"வெளையாட்டுக்கு எதுக்குய்யா காலைல அஞ்சு மணி?"

அவர் சிரித்தார். பல் வரிசை ஸ்டேடியத்து விளக்குபோல இருந்தது. தொழிலாளிக்கு அடிபட்டால் அதற்கொரு சட்டம், மாணவனுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் மாணவர் மருத்துவமனை, ரான்டெல் தொழிலாளியாக எப்போதும் இருந்ததில்லை, மே மாதத்தோடு மாணவனாகவும் இல்லை என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

எர்னஸ்டீன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மேஜரை மேசைமேல் கிடத்தி, நான்கு பேர் சுற்றி நிற்க, டாக்டர் அதன் பின்னங்காலை மெதுவாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

"அது மாணவனா?"

"மேஜரா? அது பல்கலைக்கழகத்துச் சொத்தும்மா. சொத்தைப் பராமரிக்க வேண்டியது சட்டப்படி எங்க கடமை."

"அப்ப என் மகனையும் அந்த ஆமைக் கணக்குல சேத்துக்குங்க."

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு மட்டும் அந்த அறையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றது. ஸ்ட்ராட்டன் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

ஜூனில் அதை முடிவுசெய்ய நிர்வாகக் குழு கூடியது. ஐந்து பேர், ஒரு குவளைத் தண்ணீர், பல்கலைக்கழகக் கொடி. அங்கே இருந்த சட்டப் பேராசிரியர் அழகாகப் பேசினார். சட்டத்திடம் மூன்று இழுப்பறைகள் உண்டு, தொழிலாளி, மாணவன், சொத்து. இந்த இளைஞன் மூன்றுக்கும் வெளியே கிடக்கிறான். ஒரு மனித உயிரை இழுப்பறைக்கு வெளியே விட்டுவைப்பதைப்போலக் கொடுமை வேறில்லை என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. சொத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதால் ஆட்டத்தின் தூய்மைக்குக் குறைவில்லை என்று ப்ரூவிட் சான்று கொடுத்தார். ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் எதிர்த்தார். கண்ணாடி வீட்டில் இடம் போதாது, ஆமைக்கு மன உளைச்சல் வரும் என்றார். பக்கத்தில் இன்னொன்று கட்டுவதாக முடிவானதும் அவரும் கை தூக்கினார்.

காகிதத்தை எர்னஸ்டீனிடம் கொடுத்தார்கள். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தாள். பெயர், வயது, உயரம், எடை. கால்வர்ட் பல்கலைக்கழகத்தின் பாரம்பரியச் சொத்து.

"இந்த மாதிரிக் காயிதம் எங்க குடும்பத்துல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு," என்றாள். "எங்க தாத்தாவோட தாத்தா பேருக்கு. அவரை வித்தப்ப எழுதுனது. எங்க சர்ச்சுல கண்ணாடி போட்டு மாட்டிவச்சிருக்கோம். பல்லு எத்தனைன்னு எண்ணி எழுதியிருப்பாங்க."

ப்ரூவிட் எட்டிக் காகிதத்தைப் பார்த்தார்.

"இதுல பல்லைப் பத்தி ஒண்ணும் இல்லையே மேடம்," என்றார், ஆறுதலாக.

அவள் காகிதத்தைக் கிழிக்கத்தான் இரண்டு கையையும் வைத்தாள். ஊன்றுகோலோடு பின்னால் நின்றிருந்த ரான்டெல் அதை மெதுவாக அவளிடமிருந்து உருவிக்கொண்டான்.

"வேணாம்டா கண்ணா. வா, வீட்டுக்குப் போவோம்."

"கால் மடங்காம எங்கம்மா போறது? மொதல்ல நடக்கணும்மா. நடந்தாத்தானே எங்கயாவது போக முடியும்."

கையெழுத்துப் போட்டான். ஐந்து பேரும் கைதட்டினார்கள்.

சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றினார்கள் என்பதை நான் மறைக்கக்கூடாது. மூன்று அறுவை நிபுணர்கள் விமானத்தில் வந்தார்கள். அறுவை முடிந்த வாரத்து வெள்ளிக்கிழமையிலிருந்து வானொலியில் ஆமை டாக்டர், மேஜர் கீரை சாப்பிட்டது, ரான்டெலின் முழங்கால் அறுபது டிகிரி மடங்குகிறது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். எழுபது, தொண்ணூறு, நூற்றுப்பத்து. நூற்றிருபதைத் தொட்ட அன்று மதுக்கடையில் எல்லாருக்கும் ஒரு சுற்று இலவசம்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை அவனையும் வண்டியில் ஏற்றி மைதானத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எண்பதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். அன்று நாங்கள் ஜெயித்துத் தொலைத்தோம். அதன் பிறகு அணியில் ஒவ்வொருவனும் மைதானத்துக்குள் போகும் முன் மேஜருக்குப் பக்கத்தில் அவனைக் குடிவைத்திருந்த கண்ணாடி வீட்டின் கதவைத் திறந்து அவன் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போக ஆரம்பித்தான். அப்புறம் நன்கொடையாளர்கள். அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள். தொட்டுத் தொட்டுத் தழும்பு வழவழப்பாகிவிட்டது. 'கண்ணாடியைத் தட்டாதீர்கள்' என்று பலகை வைத்தார்கள். சாவி காவலரிடம் இருந்தது; பாதுகாப்புக்காக.

நான் மறுபடி கோழியும் மாவுருண்டையும் கொண்டுபோனேன், புதுச் சட்டியில். ப்ரூவிட்டே கதவைப் பிடித்துக்கொண்டார். சொத்துக்குத் தீனி போடுவதைத் தடுக்க விதி எதுவும் கிடையாது.

"இன்னொரு தட்டுகூட வாங்கிக்கலாமாம் மிஸ் வில்டா," என்றான் ரான்டெல், உதட்டை அசைக்காமல். பார்வையாளர்கள் முன்னால் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பாரம்பரியம் பேசாது.

"கால் எப்படிடா இருக்கு?"

"ஜோரா இருக்கு. ஒன்பது அடி நல்லா நடக்குறேன்."

"அப்புறம் வலிக்குதா?"

"அப்புறம் கண்ணாடி."

வெளியே ஒரு குழந்தை சோளப்பொரியை உயரே காட்டி, அவன் எட்டிப் பிடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தகப்பன் படம் எடுத்தான். ரான்டெல் பார்வையை என் சட்டியிலேயே வைத்திருந்தான். அவன் என்னிடம் வேறு ஏதோ கேட்க நினைத்தான். காவலர் சாவியை ஆட்டியதால் நான் கிளம்ப வேண்டியதாயிற்று.

நவம்பரில், நன்றித் திருநாளுக்கு மகனை வீட்டுக்கு அழைத்துப் போக எர்னஸ்டீன் வந்தாள். அப்படி அழைத்துப் போக முடியாது என்றார்கள். இரவல் வாங்கலாம் என்றார்கள். நூலகத்துக்கு அடியில் பாரம்பரியச் சேமிப்புப் பிரிவு. அங்கே ட்ரூடி என்று ஒரு பெண் படிவத்தை நீட்டினாள். நானும் போயிருந்தேன், அது சொல்ல வேண்டியதில்லை.

இரவல் வாங்கும் காரணம் என்ற இடத்தில் எர்னஸ்டீன், 'அவன் என் மகன்' என்று எழுதினாள்.

"இது காரணத்துல வராதுங்களே," என்றாள் ட்ரூடி. "கண்காட்சி, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

எர்னஸ்டீன் கொஞ்ச நேரம் அந்த மூன்று கட்டங்களையும் பார்த்தாள். பிறகு பழுதுபார்ப்பில் குறி போட்டாள்.

"என்ன பழுதுங்க?"

"என்கிட்ட வந்தாச் சரியாயிடும்."

"எப்படிக் கொண்டுபோவீங்க? மெத்தை வச்ச பெட்டியில ஆடாம வைக்கணும்."

"முன்சீட்டுல ஒக்காருவான்."

"மெத்தை இருக்கா சீட்டுல?"

"கொஞ்சம் கிழிஞ்ச மெத்தை."

ட்ரூடி 'மெத்தை உண்டு' என்று எழுதிக்கொண்டாள். திருப்பித் தரும் நேரம், திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. எர்னஸ்டீன் மூன்று விரலால் பேனாவைப் பிடித்து, அவசரமே இல்லாமல் கையெழுத்துப் போட்டாள். ரான்டெல் மேலே தயாராக நின்றிருந்தான். கைப்பை இல்லை, மாற்றுத் துணி இல்லை. காலணியின் கயிற்றை மட்டும் இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டியிருந்தான்.

வாடகைப் பாக்கியென்று வீட்டுக்காரர் பிடித்துவைத்திருந்த அவனுடைய ஒரே பெட்டியை வாங்கக்கூட அவர்கள் இறங்கவில்லை. அந்தப் பழைய நீல வண்டி, அவன் பக்கம் சாய்ந்தபடி, எங்கள் தெருவைத் தாண்டி முனைக்குப் போயிற்று. அவர்கள் ஊருக்கு மேற்கே போக வேண்டும். வண்டி வடக்கே திரும்பியது. நான் ஜன்னலில்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. புதன்கிழமைக்குள் ஊரில் ஒரு விளக்குக் கம்பம் பாக்கியில்லாமல் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள்.

'காணவில்லை. பல்கலைக்கழகப் பாரம்பரியச் சொத்து. உயரம் ஆறடி நாலு அங்குலம். இடது முழங்காலில் தழும்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். யாரும் பிடிக்க முயல வேண்டாம். தகவல் மட்டும் கொடுக்கவும்.'

அன்று மாலையே ப்ரூவிட் இரண்டு காவல்காரர்களோடு என் வீட்டுக்கு வந்தார். மிசிசிப்பியில் எர்னஸ்டீனின் வீடு பூட்டிக் கிடக்கிறது, மீன் ஆலைக்கும் அவள் வரவில்லை என்றார். தனக்கு ரொம்ப வருத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுக் குறிப்பேட்டை விரித்தார்.

"மேடம், இந்தத் தெருவுல எது நடந்தாலும் உங்களைக் கேட்டாப் போதும்னு எல்லாரும் சொன்னாங்க. வண்டி எந்தப் பக்கம் போச்சு?"

அரசாங்கச் சட்டை போட்ட ஒருவர் என்னிடம் வந்து, அக்கம்பக்கத்தில் என்ன நடந்தது, முழுசாகச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! நாற்காலி போட்டேன். காபி கலந்தேன். ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசினேன்.

வண்டி தெற்கே போயிற்று என்றேன். நீலத்தைச் சாம்பல் ஆக்கினேன். பின்கண்ணாடியில் ஒரு விரிசல் வைத்தேன். எர்னஸ்டீனுக்குக் கடற்கரையில் ஒரு சித்தி மகளைக் கொடுத்தேன், அந்தப் பெண்ணுக்கு இறால் படகு ஓட்டும் புருஷனையும், அவனுக்கு ஒரு குடிப்பழக்கத்தையும் கொடுத்தேன். வளைகுடாவில் படகு ஏறுவதைப் பற்றி அவர்கள் பேசியதை என் காதால் கேட்டேன் என்றேன். ப்ரூவிட் பதினான்கு பக்கம் எழுதினார். நடுவில் ஒருமுறை, படகின் பெயர் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

இரண்டு வண்டிகள் தெற்கே பறந்தன. ப்ரூவிட் மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டார்.

"நீங்க சொன்னதுல ஒரு சொல்லுகூடத் தடுமாறலை மேடம்," என்றார், மெல்லிய குரலில். "நேர்ல பாத்தவங்க கொஞ்சமாவது தடுமாறுவாங்க."

போய்விட்டார். அன்றிலிருந்து எதிர்ச்சாரியில் ஒரு கறுப்பு வண்டி என் வீட்டைப் பார்த்து நிற்கிறது. உள்ளே ஒருவர். நேற்று அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பை காலியாகும்வரை, பிறகும், கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.